குளிர் ஊரில் ஃபைட்டர் மீன்: சின்னத் தொட்டியில் சூடு காக்க ஒரு முழு வழிகாட்டி

மார்கழி மாதம், குன்னூரில் விடியற்காலை ஐந்தரை மணி. எழுந்து தொட்டி விளக்கைப் போட்டபோது எங்கள் ஃபைட்டர் மீன் கூழாங்கற்களின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முந்தைய நாள் வரை கருநீலமாக மின்னிய உடம்பு சாம்பல் பூத்திருந்தது. விசிறி போல விரியும் வால் நனைந்த துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால், செவுள் மூடி மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. தெர்மாமீட்டர் 16.5 டிகிரி காட்டியது.

அந்த மீன் பிழைத்தது. எப்படிக் காப்பாற்றினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. தொட்டியில் ஹீட்டர் இல்லாதது மட்டும் என் தவறு அல்ல. மூடி இல்லாத ஏழு லிட்டர் தொட்டியை, வெளிச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் எந்த ஹீட்டரைப் போட்டிருந்தாலும் சூடு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் போயிருக்கும். சூட்டை உண்டாக்குவதற்கு முன்னால், இருக்கிற சூடு போகாமல் பிடித்து வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, நுவரெலியா போன்ற மலை ஊர்க்காரர்களுக்காகவே முதலில் எழுதுகிறேன். பெங்களூரு, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கும் நான்கு மாதம் இது தேவைப்படும்.

இந்த மீனுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

ஃபைட்டர் மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. சாவோ பிரயா ஆறு பாயும் சமவெளியின் நெல் வயல்கள், வாய்க்கால்கள், ஆழமில்லாத குட்டைகள்தான் அதன் வீடு. அங்கே அதன் பெயர் ‘பிளா கட்’, அதாவது கடிக்கும் மீன். 2019இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. பாங்காக்கில் வருடத்தின் குளிரான இரவுகளே பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அந்த மீனை நாம் உறைபனி விழும் ஊருக்குக் கொண்டுவருகிறோம்.

24 முதல் 28 டிகிரி வரை அதற்கு ஏற்ற வரம்பு. 26 அல்லது 27இல் நிலையாக வைத்தால் நல்லது. 22க்குக் கீழே போனால் நீந்துவது குறையும், செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்புச் சக்தி தளரும். நம்மைப் போல உடம்புக்குள் சூடு உண்டாக்கிக்கொள்ளும் வசதி மீனுக்கு இல்லை. தண்ணீர் எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிலையாக 24இல் இருக்கும் தொட்டி, பகலில் 28க்கு ஏறி இரவில் 22க்கு இறங்கும் தொட்டியைவிட நல்லது. ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. சின்னத் தொட்டியில் சிரமமே இதுதான்: சீக்கிரம் ஆறும், சீக்கிரம் காயும்.

முதல் படி: அளந்து பாருங்கள்

மீன் வாங்குவதற்கு முன்பே தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, மூன்று நாள் அளக்கச் சொல்வேன். விடியற்காலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு முறை. அறையின் வெப்பத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மீன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கு ராத்திரியே தொடங்குங்கள்.

கண்ணாடியின் வெளியே ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் வேண்டாம். அது பாதி அறையின் குளிரையும் சேர்த்துக் காட்டும். ஒயரின் முனையைத் தண்ணீருக்குள் விடுகிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது, அது போதும். ஆனால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஒரு டம்ளரில் பொடித்த ஐஸைப் போட்டு, மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி, முனையை நடுவில் ஐந்து நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றரை காட்டினால், எப்போதும் ஒன்றரையைக் கழித்துப் படியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டுகிறதா என்று மலை ஊரில் பார்க்காதீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

இரண்டாம் படி: தொட்டியும் இடமும்

ஃபைட்டர் மீன் ஒரு தம்ளர் தண்ணீரில்கூட வாழும் என்று கடையில் சொல்வார்கள். செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற உறுப்பு இருப்பதால் அது நீர்மட்டத்துக்கு வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும். அதனால் கொஞ்சத் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். அதை வாழ்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சூட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 10 சென்டிமீட்டர் கனசதுரத் தொட்டியில் 1 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் ஆறு பக்கங்களையும் கூட்டினால் 600 சதுர சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் கனசதுரத்தில் 27 லிட்டர் பிடிக்கும், ஆறு பக்கமும் சேர்ந்து 5,400. ஒரு லிட்டருக்கு 200தான். அதாவது ஒவ்வொரு லிட்டரும் சூட்டை இழக்கும் பரப்பு சின்னதில் மூன்று மடங்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைத்து ஹீட்டரால் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

என் பரிந்துரை: 15 முதல் 25 லிட்டர். ஓர் அடிக்கு ஓர் அடி, உயரம் ஓர் அடி என்று தொட்டி செய்பவரிடம் சொன்னால் ஏறக்குறைய 28 லிட்டர் வரும். விளிம்புக்குக் கீழே நிறுத்தி 22, 23 லிட்டர் ஊற்றலாம். பத்து லிட்டருக்குக் கீழே மலை ஊரில் வேண்டவே வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை வெளிச் சுவரை ஒட்டாமல், இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை ஒட்டி வையுங்கள். தரையில் வைக்காதீர்கள், குளிர்காற்று தரையில்தான் தேங்கும். ஜன்னலோரம் பகலில் வெயில் பட்டுச் சூடாகிறதே என்று தோன்றும். மலை வெயில் சுள்ளென்று இருக்கும், இரண்டு மணி நேரத்தில் சின்னத் தொட்டி நான்கைந்து டிகிரி ஏறிவிடும், ராத்திரி அதே ஜன்னல் வழியாக எல்லாம் இறங்கிவிடும். பாசியும் பிடிக்கும்.

மூன்றாம் படி: மூடியும் தெர்மாகோலும்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

தொட்டியின் சூடு அதிகம் போவது மேல் பக்கமாக, தண்ணீர் ஆவியாகும்போது. 100 மில்லி தண்ணீர், அதாவது அரை டம்ளர், ஆவியாகும்போது அது எடுத்துக்கொண்டு போகும் சூடு 20 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 3 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். மூடாத தொட்டி, பனிக்காலத்தில் ஒரு மண்பானை.

நான்கு மில்லிமீட்டர் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ, தொட்டியின் அளவுக்கு வெட்டி மேலே வையுங்கள். ஒயர் போக ஒரு மூலையில் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அந்த இடைவெளியே காற்றோட்டத்துக்குப் போதும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கட்டும். அந்த இடத்தில் நிற்கும் ஈரமான வெதுவெதுப்பான காற்றைத்தான் மீன் மேலே வந்து விழுங்குகிறது. தண்ணீர் 26இல் இருந்து, அது சுவாசிக்கும் காற்று 11 டிகிரியில் இருந்தால் மீனுக்கு நல்லதல்ல. மூடி இல்லாவிட்டால் இது குதித்து வெளியே விழுந்து காய்ந்தும் போகும்.

அப்புறம் தெர்மாகோல். பேன்சி ஸ்டோரில் ஓர் அங்குலத் தகடு வாங்குங்கள். தொட்டிக்கு அடியில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பக்கங்களில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டலாம். பின்பக்கத் தகட்டில் கருப்புத் தாளை ஒட்டி வைத்தால் மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும். முன்பக்கம் பகலில் திறந்திருக்கட்டும். ராத்திரி விளக்கை அணைத்ததும் நாலாக மடித்த பழைய கம்பளியை முன்னால் தொங்கவிடுங்கள். மூடியின் மேலும் ஒரு தெர்மாகோல் துண்டை வைக்கலாம், ஒயர் மூலையை மட்டும் மறைக்காதீர்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? என் 20 லிட்டர் தொட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். அறை 14 டிகிரி. தண்ணீரை 26இல் வைத்து ஹீட்டரை அணைத்தேன். மூடியும் தகடும் இல்லாதபோது ஐந்து மணி நேரத்தில் 21க்கு வந்தது. எல்லாம் பொருத்திய பிறகு, அதே ஐந்து மணி நேரத்தில் 24.5. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்த மூன்றரை டிகிரிதான் மீனின் உயிர்.

நான்காம் படி: எத்தனை வாட் ஹீட்டர்?

லிட்டருக்கு இரண்டு வாட், இரண்டரை வாட் என்று கடையில் சொல்வார்கள். அது பொதுக் கணக்கு. நீங்களே போட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு 1.16 வாட் வேண்டும். ஆகவே 50 வாட் ஹீட்டர் 20 லிட்டர் தொட்டியை, சூடு வெளியே போவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 2 டிகிரிக்குச் சற்று மேலே ஏற்றும். 25 வாட் ஹீட்டர் அதில் பாதி.

தெர்மாகோல் வைக்காத காலத்தில் என் 25 வாட் ஹீட்டர் ராத்திரி முழுக்க அணையாமல் எரிந்தும் 24ஐத் தாண்டவில்லை. மூடியும் தகடும் வந்த பிறகு அதே ஹீட்டர் 26ஐ எட்டி, பாதி நேரம் அணைந்தே இருந்தது. அதனால் நான் சொல்வது: 15 முதல் 25 லிட்டர் தொட்டிக்கு, நன்றாக மூடியிருந்தால் 25 வாட், ஊட்டி மாதிரி இன்னும் குளிரான இடம் என்றால் 50 வாட். அதற்கு மேல் வேண்டாம்.

பெரியதை வாங்கி வைத்தால் சீக்கிரம் சூடாகுமே என்று நினைக்காதீர்கள். ஹீட்டருக்குள், வைத்த டிகிரி வந்ததும் அதை அணைக்கும் தெர்மோஸ்டாட் என்றாவது ஒரு நாள் பழுதாகும். பெரும்பாலும் அணையாமல் ஒட்டிக்கொள்ளும். ஐந்து லிட்டர் கிண்ணத்தில் 50 வாட் ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டால் மணிக்கு 8 டிகிரி வரைக்கும்கூட ஏறலாம். நீங்கள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் முடிந்துவிடும். 20 லிட்டர் தொட்டியில் 25 வாட் ஒட்டிக்கொண்டால் மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மூடியின் உட்பக்கம் வழக்கத்தைவிடத் தடிமனாக வியர்த்திருந்தது, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டரில் 30.5. மீன் மேலேயே நின்று அடிக்கடி காற்றை விழுங்கியது. பிளக்கைப் பிடுங்கினேன், மூடியைச் சற்று விலக்கினேன், தானாக ஆறவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் எதுவும் ஊற்றவில்லை.

டிகிரியை நாமே திருப்பி வைக்கும் வகை ஹீட்டரையே வாங்குங்கள். ஒரே அளவில் கட்டுப்பட்ட வகை சமவெளிக்குச் சரி. கிண்ணத்துக்கு அடியில் வைக்கும் சூட்டுப் பாய் வகை, குளிர் அறையில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றாது. மேலே குண்டு பல்பு தொங்கவிடும் பழைய பழக்கம் இப்போதும் சில வீடுகளில் இருக்கிறது. அது ராத்திரியில் மீனைத் தூங்கவிடாது, தண்ணீர் தெறித்தால் பல்பு வெடிக்கும். எல்இடி பல்பில் அந்தச் சூடும் வராது.

ஐந்தாம் படி: பொருத்துவது

ஹீட்டரைக் கண்ணாடியில் உறிஞ்சிக் கப்பால், தரைக்கு இரண்டு அங்குலம் மேலே, படுக்கை வாட்டத்திலோ சாய்வாகவோ ஒட்டுங்கள். கற்களில் புதைக்கக் கூடாது. அதில் குறைந்தபட்ச நீர்மட்டக் கோடு இருக்கும், அது எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் ஹீட்டருக்கும் நடுவே மீன் நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஃபைட்டர் மீனுக்கு இடுக்கில் படுத்துத் தூங்கும் பழக்கம் உண்டு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறை கிடைத்தால் அவசியம் மாட்டிவிடுங்கள்.

தண்ணீரில் வைத்ததும் உடனே சுவிட்ச் போடாதீர்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டுக் கண்ணாடி தண்ணீரின் சூட்டுக்குப் பழகட்டும். முதல் நாள் 24இல் வையுங்கள், மறுநாள் 25, அடுத்த நாள் 26. ஹீட்டரின் திருகில் எழுதியிருப்பதை நம்பாமல் தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருத்துங்கள். என்னுடைய ஹீட்டரில் 28 என்று வைத்தால்தான் தண்ணீர் 26இல் நிற்கிறது.

தெர்மாமீட்டரின் முனை ஹீட்டருக்கு எதிர்மூலையில் இருக்கட்டும். மேலும் கீழும் அளந்து பாருங்கள். இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால் தண்ணீர் அசையவில்லை என்று அர்த்தம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் சரியாகும். ஏர் பம்பைக் குறைத்து, குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அளவுக்கு மட்டும் விடுங்கள். அது இழுப்பது குளிர்ந்த அறைக் காற்று. குமிழி அதிகமானால் ஆவியாவதும் அதிகமாகும். வேகமான ஓட்டம் அந்த நீண்ட துடுப்புகளுக்கும் பாரம். பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.

மின்சாரத்தில் கவனம்

தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இதில் சமாதானமே கிடையாது. கையைத் தொட்டிக்குள் விடும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு முறை பிளக்கைவிடக் கீழே தொங்கி அப்புறம் ஏறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். மீனுக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் தனியாக ஒரு வெப்பநிலைக் கண்ட்ரோலர் வாங்குங்கள். அதன் முனை தொட்டிக்குள் இருக்கும், ஹீட்டர் அதன் வழியாக ஓடும். கண்ட்ரோலரில் 26, ஹீட்டரின் சொந்தத் திருகில் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி மேலே. ஒன்று பழுதானால் மற்றது நிறுத்தும். முனை தண்ணீரிலிருந்து நழுவி வெளியே விழாதபடி கட்டி வையுங்கள். வெளியே விழுந்தால் அது அறையின் குளிரைப் பார்த்துவிட்டு ஹீட்டரை அணைக்காமல் விட்டுவிடும்.

கரண்ட் பில் பெரிதாக வராது. 25 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 0.3 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 18 யூனிட்.

தண்ணீர் மாற்றும்போது

வாரத்துக்கு ஒரு முறை கால்பங்கு மாற்றினால் போதும். 26இல் இருக்கும் 15 லிட்டரில், 16 டிகிரிக் குழாய்த் தண்ணீர் 5 லிட்டரை ஊற்றினால் தொட்டி ஒரே நிமிடத்தில் 23.5க்கு இறங்கும். வாரம் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் காத்ததை ஒரு வாளியில் கெடுத்துவிடுவோம்.

முந்தைய நாளே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் மருந்தைப் போட்டு விடுங்கள். மாற்றும் நேரத்தில் எவர்சில்வர் பாத்திரத்தில் அதிலேயே கொஞ்சத்தைச் சூடாக்கி, குளிக்க வெந்நீர் விளாவுவது போல விளாவுங்கள். கையால் பார்க்காதீர்கள், தெர்மாமீட்டரால் பாருங்கள். பனிக்காலத்தில் நம் கைக்கு 20 டிகிரியே வெதுவெதுப்பாகத் தெரியும். 26 வந்ததும் கப்பால் மெதுவாக ஊற்றுங்கள். கீசர் தண்ணீரை நான் சேர்ப்பதில்லை, பழைய கீசரிலிருந்து செம்பு மாதிரி உலோகம் கலந்து வரலாம்.

தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பதற்கு இருபது நிமிடம் முன்பே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் விரிசல் விடும். வேலை முடிந்ததும் திரும்பப் போட மறக்கக் கூடாது. நான் பிளக்கைப் பிடுங்கியதும் அதை வாளியின் கைப்பிடி மேல் போட்டுவிடுவேன். வாளியை எடுத்து வைக்கும்போது நினைவு வந்துவிடும்.

கரண்ட் போனால்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையில் மரம் விழுந்து ஒரு நாள், இரண்டு நாள்கூடக் கரண்ட் இருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஹீட்டரை அதில் போடலாம். 25 வாட் என்பது சாதாரண மின்விசிறி இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் முதல் வேலை, முன்பக்கத்தையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்துவது. ஒயர் மூலை மட்டும் திறந்திருக்கட்டும். தீனி போடாதீர்கள். மணிக்கு ஒரு முறை தெர்மாமீட்டரைப் பாருங்கள். 24க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் வெந்நீர்ப் பாட்டில். லேபிளைக் கிழித்து, சோப்பு போடாமல் கழுவிய ஒரு லிட்டர் பாட்டிலில், கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி வாக்கில், தண்ணீர் நிரப்பி இறுக மூடி மிதக்க விடுங்கள். ஒரு பாட்டில் ஆறி முடிவதற்குள் 20 லிட்டர் தொட்டியை ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏற்றும். தொட்டி வழியாமல் இருக்க முதலில் ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்துச் சுத்தமான பாத்திரத்தில் வையுங்கள், பிறகு அதையே வெதுவெதுப்பாக்கித் திரும்ப ஊற்றலாம். மழை மாதங்களில் ராத்திரி படுக்கும் முன் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துவிடுவது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. நடுராத்திரியில் அடுப்பு பற்றவைக்க வேண்டியதில்லை.

குளிரில் விறைத்த மீனைக் காப்பாற்ற

அன்று காலையில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், வெந்நீரை ஊற்றிவிடலாம் என்பது. ஊற்றியிருந்தால் மீன் செத்திருக்கும். 16.5இலிருந்து சட்டென்று 26க்கு ஏறினால் அதன் உடம்பு தாங்காது. மணிக்கு ஒரு டிகிரி, அதிகம் போனால் ஒன்றரை. அதற்கு மேல் அவசரப்படக் கூடாது.

அறைக் கதவைச் சாத்தினேன். தொட்டியைப் போர்வையால் சுற்றினேன். தண்ணீரைக் குறைத்து அரைத் தொட்டியாக்கினேன், அப்போதுதான் மீன் சிரமப்படாமல் மேலே வந்து காற்றெடுக்க முடியும். அரை லிட்டர் பாட்டில்களில் வெறும் 35 டிகிரித் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக மாற்றினேன். ஏழு மணிக்கு 18. எட்டரைக்கு 19.5, அப்போது வயிற்றோரத் துடுப்பு ஒன்று விரிந்து மடங்கியது. பத்து மணிக்கு மீன் நேரானது, இரண்டு முறை மேலே வரப் பார்த்துப் பாதியிலேயே இறங்கிவிட்டது. மூன்றாவது முறை மேலே வந்து, ஒரு குமிழியை விட்டு, காற்றை விழுங்கியது. பகல் ஒரு மணிக்கு 24. நெற்றிப் பக்கமிருந்து நீலம் திரும்ப ஊறி வந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றும் மறுநாளும் தீனி போடவில்லை. மூன்றாம் நாள் இரண்டே இரண்டு குருணை. அதற்குப் பிறகு அது இரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது.

இந்த அளவுக்குப் போகும் முன்பே மீன் அடையாளம் காட்டும். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கும், நிறம் வெளுக்கும், உடம்பில் நீளவாக்கில் கோடுகள் தெரியும், நாம் கிட்டே போனாலும் முன்னால் வராது, போட்ட குருணை மிதந்தபடியே கிடக்கும். குளிரில் தின்றது செரிக்காமல் வயிறு உப்பும். அதனால் 23க்குக் கீழே இருக்கும் நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள். உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது வெள்ளைப் புள்ளி நோய். குளிர் அடிபட்ட மீனுக்கு அடிக்கடி வரும். அதற்கு மருந்து வேண்டும், சூடு மட்டும் போதாது.

வெளியூரிலிருந்து வாங்கி வரும்போது

சென்னை கொளத்தூரிலிருந்தோ கோவையிலிருந்தோ மீன் வாங்கி மலையேறினால், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே 1,500 மீட்டர் ஏறுகிறோம். வெப்பம் ஒன்பது, பத்து டிகிரி குறையும். ஒன்றரை மணி நேரத்துக்குள் அத்தனையும் அந்தக் கால் லிட்டர் கவருக்குள் இறங்கும். மருந்துக் கடையில் ஊசி மருந்து வந்த தெர்மாகோல் பெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள். கவரைச் செய்தித்தாளில் சுற்றி அதில் வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கவரின் தண்ணீரை அளந்து பாருங்கள். 21 காட்டினால் தொட்டியையும் அன்றைக்கு 22, 23இல் வைத்திருந்து, அரை மணி மிதக்கவிட்டு, மீனை விட்டபின் இரண்டு நாளில் 26க்குக் கொண்டுபோங்கள்.

சமவெளியில் இருப்பவர்கள்

சென்னை, மதுரை, திருச்சியில் மூடிய 20 லிட்டர் தொட்டிக்கு வருடத்தில் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் கவனியுங்கள். ஆனால் ஏசி அறையில் தொட்டி இருந்தால் கதை வேறு. ராத்திரி 22இல் ஓடும் ஏசி, மூடாத தொட்டியை 21க்குக் கீழேகூட இழுத்துவிடும், பகலில் அணைத்ததும் 30க்கு ஏறும். அந்தத் தொட்டியை ஹாலுக்கு மாற்றிவிடுங்கள், வேறு செலவே வேண்டாம். பெங்களூரு, ஓசூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரி. அங்கே கார்த்திகை தொடங்கி மாசி முடியும் வரை ஹீட்டர் வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். பொங்கல் முடிந்ததும் குளிர் போய்விட்டது என்று ஹீட்டரைக் கழற்றி வைத்து மீனை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

குன்னூரில் நான் சித்திரையிலும் கழற்றுவதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை தொடங்கும் முன், ஹீட்டரை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, 26இல் வைத்து, ஒரு பகல் முழுக்கப் பார்ப்பேன். 26இல் விளக்கு அணைகிறதா, ஆறியதும் திரும்ப எரிகிறதா, கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருக்கிறதா. உள்ளே ஒரு துளி நீர் தெரிந்தாலும் அது குப்பைக்குத்தான். நன்றாக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றை ஓட்டுவதில்லை, அலமாரியில் புதிதாக இன்னொன்று எப்போதும் இருக்கும். மழையில் சாலை அடைபட்டுக் கிடக்கும் நாளில்தான் பழையது போகும், அன்றைக்குக் கடைக்கு இறங்க முடியாது.